தண்ணி கொட்டிடுச்சு

ஜனவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், என் இடுப்பைத் தவிர. உன் சளி விட்டதா? ஆவி பிடித்தாயா, இல்லை வழக்கம்போல் மாத்திரையை விழுங்கிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டாயா?

கையில் போனை வைத்துக்கொண்டு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். எங்கள் வீடு உனக்குத் தெரியாததா? இரண்டே அறை. நடுவில் கதவுகூடக் கிடையாது, துணிதான் தொங்குகிறது. நான் போனில் "ம்" என்றால், அத்தை அந்தப் பக்கத்திலிருந்து "எதுக்கு ம்?" என்று கேட்பார். மாமியாரைப் பற்றி நாலு வார்த்தை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உன் அத்தானிடம் சொல்லலாம் என்றால், லாரியை எடுத்துக்கொண்டு போன மனுஷர் மாதம் ஒருமுறைதான் வாசல் மிதிக்கிறார். அதனால் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தில் கறை இருந்தால் அது தேநீர். பயப்படாதே.

காலை ஆறு மணிக்கே இங்கே வரிசை நிற்கிறது. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு வாய் முழுக்க நெருப்பு. ஊசியைக் கண்டதும் அதே வாய் "அம்மா" என்று அலறுகிறது. நேற்று ஒருவர் சிறுநீரை ஜாம் பாட்டிலில் கொண்டுவந்தார். மூடியில் ஜாம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. "கழுவினீங்களா?" என்றேன். "எதை?" என்றார். இப்படியே பதினாறு வருஷம். எனக்கு அருவருப்பு என்பதே மரத்துப்போய்விட்டது.

சாயங்காலம் ஏழரை மணிதான் எனக்கு உயிர். உன் வீட்டுக்காரர் வசனம் எழுதும் தொடர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. முக்காலிமேல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அங்கே யார் அழுதாலும் நான் பஞ்சு எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை, பார். அந்த அரைமணி நேரம் அத்தையும் நானும் ஒரே கட்சி. சாவிக்கொத்தை இடுப்பில் ஆட்டிக்கொண்டு மருமகளைப் படுத்துகிறாளே, அந்த மாமியார்க்காரியை அத்தை திட்டும் திட்டு இருக்கிறதே! "நாசமாப் போறவளே, உனக்கும் ஒரு காலம் வரும்டி" என்பார். தான் யார் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவிருக்காது. ரிமோட்டை மட்டும் கொடுக்க மாட்டார். பிளாஸ்டிக் உறை போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். அதற்குச் சளி பிடித்துவிடுமாம்.

உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். என் சளி போய்விட்டது. ஆவி பிடித்தேன், நம்பு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். ரிமோட்டுக்குச் சளி பிடிக்குமாமா! அக்கா, உனக்கு எழுத்து எவ்வளவு நன்றாக வருகிறது என்று உனக்கே தெரியாது.

இங்கே நிலைமை சுமார். தினமும் ஒரு பகுதி எழுதியாக வேண்டும். கதை இலாகாவின் தலைமை மனிதர் காகிதத்தை வாங்கி, படித்து, கிழித்து, "இதை ஏற்கெனவே பார்த்தாச்சு" என்பார். அவ்வளவுதான். நீ காலை நீட்டி உட்காரும் அந்த அரைமணி நேரத்துக்காக எங்கள் வீட்டில் இரண்டு பேர் உட்காருவதே இல்லை. இவருக்கு முடி கொட்டுகிறது. எனக்கு எரிச்சல்.

அத்தை எப்படி இருக்கிறார்? நிறைய எழுது. என்ன சாப்பிடுகிறார், எப்படித் திட்டுகிறார், எல்லாவற்றையும் விவரமாக எழுது. எனக்கு மாமியார் இல்லாத குறையை நீதான் தீர்க்க வேண்டும்.

அன்புடன்,
சின்னவள்


பிப்ரவரி 15

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். மாப்பிள்ளைக்கு முடி கொட்டுவதாக எழுதியிருந்தாய். வந்து ரத்தம் கொடுக்கச் சொல், இரும்புச் சத்து பார்க்கலாம்.

அடியே, செவ்வாய்க்கிழமை பார்த்தாயா? அந்தச் சாவிக்கொத்து மாமியார் ரிமோட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றுகிறாள்! நான் துள்ளிவிட்டேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா? மாடி வச்ச வீட்லயும் இதான் பழக்கம். நீதான் என்னமோ சிரிச்ச" என்றார். அன்றைக்கு ராணி மாதிரி நடந்தார். என் சரக்கில் மாப்பிள்ளை கைவைத்துவிட்டார் என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. சொல்லிவை, பங்கு கேட்க மாட்டேன்.

இன்னொன்று. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அத்தைக்கு ராத்திரியில் சிறுநீர் நிற்பதில்லை. நாலைந்து மாதமாகிறது. முதல் நாள் காலை கட்டில் நனைந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய தம்ளர் கவிழ்ந்து கிடந்தது. "தண்ணி கொட்டிடுச்சு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். தண்ணீருக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? என் பிழைப்பே அதுதானே. "பரவால்ல அத்தை, குடுங்க" என்று விரிப்பை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து இதுதான் வழக்கம். நான் ராத்திரி தம்ளரில் தண்ணீர் வைப்பேன். நனைந்துவிட்டால் காலையில் அவரே அதைக் கட்டில்மேல் சரித்துவிட்டு, "தண்ணி கொட்டிடுச்சு" என்று குரல் கொடுப்பார். நான் போய் எடுப்பேன். நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வாழ்நாளெல்லாம் வீட்டையே அதட்டி வைத்திருந்த மனுஷி, சின்னவளே. அந்த ஒரு நிமிஷம் மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிற்பார். எனக்கு அப்போது அவர்மேல் இருக்கும் கோபமெல்லாம் போய்விடும்.

உன் அத்தானுக்குக்கூடத் தெரியாது. யாரிடமும் மூச்சுவிடாதே.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வேலை அதிகம் என்பதால் நாலே வரி.

அத்தையைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் யாரிடம் சொல்லப் போகிறேன்?

அந்தத் தம்ளர் என்ன நிறம்? சில்வரா, பிளாஸ்டிக்கா? சரித்த பிறகு "தண்ணி கொட்டிடுச்சு" என்று மட்டும்தான் சொல்வாரா, வேறு ஏதாவது சொல்வாரா? சும்மாதான் கேட்டேன். மனசுக்குள்ளேயே நிற்கிறது.

இடுப்புக்குத் தைலம் தேய்.

அன்புடன்,
சின்னவள்


ஏப்ரல் 3

சின்னவளுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய்.

உன் "சும்மாதான் கேட்டேன்"-க்குப் பதிலாக, நீலப் பிளாஸ்டிக், விளிம்பில் பல் பட்டது போல ஒரு சின்ன உடைசல் என்று ஒரு தபால் அட்டையில் எழுதிப் போட்டேன் இல்லையா? நேற்று ஏழரை மணிக்கு அது டிவியில் வந்தது. அந்த உடைசலோடு வந்தது.

சாவிக்கொத்தின் வீட்டுக்குச் சம்பந்திகள் வருகிறார்கள். அவள் சோபாவை விட்டு எழுந்திருக்கிறாள். சோபா நனைந்திருக்கிறது. பக்கத்து மேசையிலிருந்து தம்ளரைத் தட்டிவிட்டு, "தண்ணி கொட்டிடுச்சு" என்கிறாள். மருமகள் குனிந்து மோந்து பார்த்துவிட்டு மூக்கைப் பிடிக்கிறாள். சம்பந்திகள் சிரிக்கிறார்கள். பின்னால் ஒரு குழல் "பூம் பூம்" என்று ஊதுகிறது. அவள் முகத்தை மூன்று தடவை காட்டினார்கள், மூன்று பக்கத்திலிருந்து.

நான் அத்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. அவர் ரிமோட்டை எடுத்தார். உறையோடு அழுத்தினால் சில நேரம் வேலை செய்யாது. நாலு தடவை அழுத்தினார். அணைந்தது. அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டார்: "உன் தங்கச்சி வீட்டுக்காரரு எழுதறதுதானே இது?"

"ஆமா அத்தை" என்றேன்.

அவர் எழுந்து போய் நீலத் தம்ளரை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அடுக்களை அலமாரியில் கவிழ்த்து வைத்தார். போய்ப் படுத்துக்கொண்டார்.

ஊரார் மலம், சிறுநீர், சளி எல்லாம் இந்தக் கையால் தொட்டவள் நான். நேற்று உன்னை நினைத்தேன், எனக்குக் குமட்டியது. கழிவறையில் போய் நின்று நிஜமாகவே வாந்தி எடுத்தேன். சீ!

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கோபமாக இருக்கிறாய், தெரிகிறது. ஆனாலும் நலமாக இரு. அத்தையை நான் கேட்டதாகச் சொல். வேண்டாம், சொல்ல வேண்டாம்.

சத்தியமாக நான் எதுவும் சொல்லவில்லை. உன் கடிதம் மேசைமேல் கிடந்தது. இவர் எடுத்துப் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பத்து மணிக்குள் காட்சி போக வேண்டும், கையில் ஒன்றுமில்லை. வேலை போய்விடும் நிலை, அக்கா. இவருக்கும் பாவம் வேறு வழி தெரியவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பார். அது உன் வீடு என்று யாருக்குத் தெரியும்? லட்சம் பேர் பார்த்தார்கள், லட்சம் வீட்டிலும் ஒரு வயதானவர் இருக்கிறார். "எங்க வீட்லயும் இப்படித்தான்" என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? இந்த வருஷத்திலேயே அதிகம் பேர் பார்த்த பகுதி அதுதான். தலைமை மனிதர் முதல் தடவையாகக் காகிதத்தைக் கிழிக்கவில்லை.

நீயே சொல்வாயே, பார்க்கிறபோது எல்லாம் மறந்துபோகிறது என்று. நாலு நாளில் அத்தையும் மறந்துவிடுவார்.

அன்புடன்,
சின்னவள்


ஏப்ரல் 30

சின்னவளுக்கு,

அத்தை மறக்கவில்லை. மருத்துவமனையில் இருக்கிறார்.

அன்றிலிருந்து அவர் வாயை நனைப்பதற்கு மேல் தண்ணீர் குடிக்கவில்லை. எனக்கு இது உறைக்கவே இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் விரிப்பு காய்ந்திருந்தது. சரியாகிவிட்டது போல என்று நினைத்தேன், முட்டாள். தேநீரை வாங்கி வாஷ்பேசினில் ஊற்றியிருக்கிறார். "குடிச்சீங்களா அத்தை?" என்றால், "ஆச்சு ஆச்சு" என்பார். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். வெயில் காலத்தில்!

போன வாரம் குளியலறையில் விழுந்துவிட்டார். தூக்கும்போது என்னை யாரோ என்று நினைத்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். உடம்பு நெருப்பு. சிறுநீரில் கிருமி, ரத்தம்வரை ஏறியிருக்கிறது. மாதிரியை எங்கள் நிலையத்துக்குத்தான் அனுப்பினார்கள். நானே வாங்கினேன். அடியில் இரண்டு சொட்டு, பழுப்பாக. பெயரைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஊசி போட வந்த நர்ஸுக்கு நரம்பு கிடைக்கவில்லை. "நான் பாக்கறேன்" என்று கையை வாங்கினேன். பதினாறு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு நரம்பு பிடித்தவள். அத்தையின் கையில் எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "ஊர்க் கையெல்லாம் பிடிச்சேன், என் வீட்டுக் கைய விட்டுட்டேனே" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

உன் கடிதம் மறுபடி படித்தேன். மேசைமேல் கிடந்ததாம், அவர் எடுத்தாராம். தம்ளர் என்ன நிறம் என்று கேட்டது அவர் இல்லை, நீ. "வேறு ஏதாவது சொல்வாரா?" என்று கேட்டதும் நீ. ஒன்றே ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். அதை எழுதியது யார்?

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். வீடு மாறினோம். பழைய வீட்டில் பல்லி தொல்லை. இங்கே காற்று நன்றாக வருகிறது, சமையலறையில் ஜன்னல் இருக்கிறது. இவருக்கு முடி கொட்டுவது நின்றுவிட்டது. இப்போது இவர் வெளி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. இந்த மாதத்திலிருந்து தொடரின் ஆரம்பத்தில் வசனம் என்று என் பெயரும் வருகிறது. இவர் பெயருக்கு மேலே. மூன்று வருஷமாக அடுப்புப் பக்கத்தில் நின்று எழுதினேன், யாருக்கும் தெரியாது. நீ கவனித்தாயா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாவிக்கொத்தை நல்லவளாக்கப் போகிறோம். மாமியாரும் மருமகளும் கட்டிப்பிடித்துக்கொள்வது மாதிரி. பார்த்தால் அத்தைக்கு மனசு ஆறும்.

உன் இடுப்பு எப்படி இருக்கிறது?

அன்புடன்,
சின்னவள்


ஜூலை 8

சின்னவளுக்கு,

கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. அத்தை உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் நீ கேட்கவில்லை. பரவாயில்லை, உனக்கு அது கதைக்குத் தேவைப்பட்டிருக்காது.

பெயரைக் கவனித்தாயா என்றாயே. கவனித்தேன். அத்தைக்கு மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். அங்கே டிவி ஓடிக்கொண்டிருந்தது. உன் பெயர், தங்க நிற எழுத்தில். அப்புறம் சாவிக்கொத்து, மருத்துவமனைக் கட்டிலில். போன மாதம்வரை வீட்டில் சும்மா கோலமாவு முகத்தோடு திரிந்த அந்த மருமகளுக்குத் திடீரென்று வெள்ளைக் கோட்டு! மாமியார் கையைப் பிடித்து நரம்பு தேடுகிறாள். கிடைக்கவில்லை. "ஊர்க் கையெல்லாம் பிடிச்சேன், என் வீட்டுக் கைய விட்டுட்டேனே!"

என் வாயிலிருந்து வந்த வார்த்தை. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை நீ. மாற்றியிருந்தாலாவது கொஞ்சம் உழைத்தாய் என்று சொல்லலாம்.

மருந்துக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாய்ச்சா இப்படி ஒரு மருமக வாய்க்கணும், மேடம்" என்று என்னிடம் சொல்கிறார். இரத்தம் உறிஞ்சும் அட்டைகூட வயிறு நிரம்பினால் விழுந்துவிடும். நீ விழமாட்டாய். உன்னைத் திட்டி எழுதிய கடிதத்தையே உரித்துக் காயப்போட்டு விற்றிருக்கிறாயே, நீ என்ன ஜென்மம்? உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தேன் என்று நினைத்தால் என் நாக்கே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

அத்தை வீட்டுக்கு வந்துவிட்டார். தண்ணீர் குடிக்கிறார். எப்படிக் குடிக்க வைத்தேன், அவரிடம் என்ன சொன்னேன், அவர் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், உன் வயிறு எரியட்டும் என்று. டிவியை அணைத்தே வைத்திருந்தோம். முந்தாநாள் வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அத்தையே, "எத்தனை நாளைக்குச் செவுத்தப் பாக்கறது? போடு. அந்தக் கழுதைங்க மூஞ்சி இல்லாத எடமாப் போடு" என்று ரிமோட்டை என் கையில் கொடுத்தார். என் கையில்! உறையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தார்.

காட்டு மிருகங்களைக் காட்டும் சேனல் ஒன்று வைத்தேன். அங்கே யாரும் யாருக்கும் மாமியார் இல்லை. ஒரு கிழட்டுப் பெண் யானை, சுற்றிலும் குடும்பமே நிற்கிறது, நின்ற இடத்திலேயே சிறுநீர் போகிறது பார், குழாய் உடைந்தது மாதிரி. நிற்கவே இல்லை. மற்ற யானைகள் பாட்டுக்கு இலை தின்கின்றன. எனக்கு உயிரே போய்விட்டது. மாற்றலாம் என்று ரிமோட்டைத் தேடினேன்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். யானையைப் பார்த்தார். கட்டில் பக்கத்திலிருந்த நீலத் தம்ளரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். ஒரே ஒரு வரி. நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அத்தைக்குப் புரையேறி, நான் தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்தேன். மடமடவென்று குடித்தார்.

அந்த வரியை உனக்கு எழுத மாட்டேன். உன் மூன்று வருஷத் தொடரில் அதற்கு ஈடாக ஒரு வரி கிடையாது. அது எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

இனி எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.

அக்கா


ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதாதே என்றாலும் எழுதுகிறேன். அத்தையும் நீயும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் செய்தது பெரிய பாவம். இந்த வீடும் ஜன்னலும் என் கண்ணுக்கு ஆகவில்லை. அடுப்பைப் பற்றவைத்தால் உன் ஞாபகம், பேனாவை எடுத்தால் உன் ஞாபகம். உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், சொல். அத்தை காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டதாக நினைத்துக்கொள்ளச் சொல். இனிமேல் உன் வீட்டைப் பற்றி ஒரு எழுத்து எழுதினாலும் என் கை அழுகிப்போகட்டும்.

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. என்னை வெறுக்காதே.

உன்,
சின்னவள்

பி.கு.: அத்தை அப்படி என்னதான் சொன்னார்? சும்மாதான் கேட்கிறேன்.